ஐம்பத்தெட்டு டிகிரி

ஹோர்சென்ஸ்,
செப்டம்பர் 2, 2013

அன்புள்ள ராக்னா அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படகுத்துறை வேலையை விட்ட பிறகாவது அதற்கு ஓய்வு கொடுக்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். மெரேட்டாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

தொலைபேசி இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தைத் தேடுகிறான் என்று நினைப்பாய். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்ததை ஆரம்பித்துவிடுகிறாய். அம்மா இறந்த வருடத்திலிருந்து இப்படித்தான். கடிதத்தில் உன்னால் குறுக்கிட முடியாது.

மெரேட்டாவின் தொண்டைக்குக் கொடுத்த கதிர்வீச்சு ஜூனில் முடிந்தது. கட்டி சுருங்கியிருக்கிறதாம். ஆனால் தொண்டை முழுக்க வெந்துபோயிருக்கிறது, எச்சில் ஊறுவதில்லை. ஜனவரியில் அடுத்த சுற்று மருந்து. அதைத் தாங்க வேண்டுமானால் எடை இதற்குமேல் குறையக் கூடாது, குறைந்தால் வயிற்றில் குழாய் வைத்துத்தான் உணவு ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவியோ குழாய் வேண்டாம் என்கிறாள்.

"அப்படின்னா சாப்பிடு" என்றேன்.

"சாப்பாடு மாதிரி ஏதாவது குடு வாத்தியாரே, சாப்பிடறேன்" என்றாள். மருத்துவமனையில் கொடுத்த சாம்பல் நிறக் கூழைப் பார்த்துவிட்டு, "இத யாரோ ஏற்கெனவே ஒரு தடவ சாப்பிட்டிருக்காங்க" என்று தள்ளிவைத்தவள் அவள்.

ஆகவே ஒரு தண்ணீர் அடுப்பு வாங்கியிருக்கிறேன். சமையல் மேடையில் ரொட்டிப் பெட்டி அளவு இடம் பிடிக்கும். கறியைப் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டி, சுடுதண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். தண்ணீர் கொதிக்காது. சொன்ன சூட்டில் ஏறாமல் இறங்காமல் ஒரு பகலும் ஒரு இரவும் நிற்கும். பன்றிக் கழுத்துக் கறியை ஐம்பத்தெட்டு டிகிரியில் வைத்தேன். வெளியே எடுத்தால் கறி கறியாகவே இருக்கிறது, ஆனால் முள்கரண்டியின் எடைக்கே பிரிந்து விழுகிறது. மெரேட்டா அதற்கு மீன்தொட்டி என்று பெயர் வைத்திருக்கிறாள். "மீனெல்லாம் எங்க போச்சு?" என்று காலையில் விசாரிக்கிறாள்.

முதல் நாள் தட்டு காலியாக மதியத்திலிருந்து சாயங்காலம் வரை ஆனது. ஆனால் காலியானது. பள்ளிக்கூடத்தில் என்னைத் தாண்டி அந்த விளையாட்டு வாத்தியாரைத் தலைமை ஆசிரியராக்கினார்களே, அவனால் ஒரு முட்டையையாவது ஒழுங்காக வேகவைக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டே அந்தத் தட்டைக் கழுவினேன்.

மழைக்காலத்துக்கு முன் உன் கூரையைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
தோர்கில்

ரோன, போர்ன்ஹோல்ம்,
செப்டம்பர் 15

தோர்கில் தம்பிக்கு,

முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது, நான் அதன் இஷ்டத்துக்கு நடக்கிறேன். மற்றபடி சௌக்கியம். நீ எழுதியதைக் கடைசி வரி வரை குறுக்கிடாமல் படித்தேன். அதற்கு ஒரு மதிப்பெண் போடு.

தண்ணீரில் வெந்த பன்றிக்கறி. அதன் தோல் என்ன ஆகும்? ஈரச் செருப்பு மாதிரி இருக்குமே. மொறுமொறுவென்று தோல் பொரியாத கறியை மேசையில் வைத்திருந்தால் அப்பா உன்னைப் படகில் ஏற்றி அனுப்பியிருப்பார்.

மெரேட்டா தட்டைக் காலி செய்தாள் என்று படித்தபோது பழைய கிறிஸ்துமஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. கண்டெடுப்பவருக்குப் பரிசு என்று அரிசிக் கூழுக்குள் அம்மா போட்ட ஒரே முழுப் பாதாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. முதல் கரண்டியிலேயே. அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பேசினாள், சிரித்தாள், செர்ரிச் சாறு ஊற்றிக்கொண்டாள், காபியும் குடித்தாள். பாதாம் இன்னும் சட்டியில் இருக்கிறது என்று நம்பி நீ ஒருவன்தான் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டுக்கொண்டே போனாய். எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அவள் வாயைத் திறந்து காட்டிப் பரிசான பன்றி வடிவ இனிப்பை வாங்கிக்கொண்டபோது உன் முகம் போன போக்கு. மூன்று நாள் பேசவில்லை நீ.

எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேள். நீ முடிவு செய்துவிட்டு அப்புறம் கேட்கிறவன்.

அவளுக்கு என் முத்தங்கள்.
ராக்னா

ஹோர்சென்ஸ்,
அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நலமாக வந்து சேர்ந்தது. நானும் நலம்தான், தூக்கம் மட்டும் குறைவு. அந்தப் பாதாம் கதையை நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இருபது வருடமாக யாராவது ஒருவர் அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள்.

இங்கே ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை நான் இறைச்சிக் கடைக்கு நடந்துபோகிறேன். அவளே துரத்துகிறாள். "அவசரப்படாம போயிட்டு வா, நல்ல துண்டா பாத்து வாங்கு" என்கிறாள். வந்ததும் வெண்ணெயும் தைம் இலையும் வைத்துப் பைகளை ஒட்டுகிறேன். ஒரு நாள் கழுத்துக் கறி, ஒரு நாள் கோழி, ஒரு நாள் கன்றுக்குட்டித் தொடை. மதியம் ஒரு மணிக்குத் தட்டு.

முதலில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் ஒரு துண்டை வாயில் வைத்து, மெல்ல மென்று, தலையை ஆட்டிச் சிரிப்பாள். போன வாரம், "இப்படிப் பக்கத்துல உக்காந்து பாக்காத. பரீட்ச எழுதற மாதிரி இருக்கு" என்றாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொன்னாள். இப்போது அங்கே உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறாள். தட்டு சுத்தமாக வருகிறது. தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியதே இல்லை.

இருந்தும் எடை குறைகிறது. எடை பார்க்க வருகிற நர்ஸ் டோர்த்தாவின் இயந்திரத்தை மாற்றச் சொன்னேன். மாற்றிக் கொண்டுவந்தாள். அதிலும் குறைந்திருக்கிறது. கறியில் இருக்கும் சத்து பையிலேயே சாறாகத் தங்கிவிடுகிறதோ என்று சந்தேகம். இனிமேல் சாற்றையும் கறிமேல் ஊற்றப்போகிறேன்.

இன்னொரு தொல்லை, மேல் வீட்டு வில்லும்சன். படுக்கையறை ஜன்னல் விளிம்பு முழுக்கக் காக்கை எச்சம். கழுத்தில் சாம்பல் பூசிய அந்தச் சின்னக் காக்கைகள், புகைபோக்கியில் கூடு கட்டுமே, அவைதான். அந்த மனிதன் மேலேயிருந்து ரொட்டி போடுகிறான். நோயாளி இருக்கும் வீடு இது.

மெரேட்டா உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.
தோர்கில்

ரோன,
அக்டோபர் 31

தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். புயலில் படகு ஓடவில்லை. படகு ஓடிய நாட்களிலும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அவள் களைத்திருக்கிறாள், தோர்கில். தினமும் கறி வேண்டுமா? ஒரு நாள் வெறுமனே பக்கத்தில் உட்கார். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார். அவள் ஏதாவது சொல்ல வந்தால் சொல்ல விடு.

வில்லும்சனோடு சண்டை போடாதே. காக்கைகள்தானே.

ராக்னா

ஹோர்சென்ஸ்,
நவம்பர் 5

அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

அடுப்பை அணைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். அணைத்தால் குழாய். குழாயும் வேண்டாமென்றால் ஜனவரி மருந்து இல்லை. மருந்து இல்லையென்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? தீவில் உட்கார்ந்துகொண்டு புகைபோட்ட மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது விளங்காது. அவள் களைத்திருப்பது உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லையே.

நீ வேண்டாமென்று சொல்வதற்கு முன்பே வில்லும்சனை மாடிப்படியில் பிடித்துவிட்டேன்.

"மேலேர்ந்து ரொட்டி போடறது நீங்கதான?"

"நான் ரொட்டியையே தொடறதில்ல சார். சக்கர வியாதி."

"அப்ப அதுங்க எதுக்கு எங்க ஜன்னலத் தேடி வருது?"

"உங்க சமையல் பிடிச்சிருக்கு போல. படிக்கட்டு பூரா வெண்ண வாசன. எனக்கே ரெண்டு தடவ கீழ வரலாமான்னு தோணிச்சு."

கிண்டல். குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதப்போகிறேன் என்றேன். "விடுங்க சார். அவங்களுக்கும் வேடிக்க பாக்க ஏதாவது வேணும்ல" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டான். 'அவங்க' என்றது மெரேட்டாவை. என் மனைவி எதை வேடிக்கை பார்க்க வேண்டும் என்பதை அவன் முடிவு செய்கிறான். அன்று மாலையே சங்கத்துக்கு எழுதிப் போட்டேன்.

பத்தாம் தேதி மார்ட்டின் திருநாள் மாலைக்கு வாத்துத் தொடை இரண்டு வாங்கியிருக்கிறேன்.

தோர்கில்

ஹோர்சென்ஸ்,
நவம்பர் 24

அக்காவுக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

வாத்தைக் காலி செய்தாள். எலும்பு மட்டும் மிச்சம். இரண்டு நாள் கழித்து டோர்த்தா எடை பார்த்துவிட்டு எத்தனை கிலோ என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டாள். வாசலில் என்னிடம், "சூடா எதுவும் குடுக்காதீங்க, புண்ணு எரியும்" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து பையை எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, நன்றாக ஆற வைத்துத்தான் தட்டில் வைக்கிறேன்.

மருத்துவமனையில் குழாய் பற்றி மறுபடி பேசினார்கள். மெரேட்டா மாட்டேன் என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் கெஞ்சினேன். இருபத்தாறு வருடத்தில் நான் அவளைக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. "உன் கறி போதும் தோர்கில். அதுவே நிறைய" என்றாள். வாத்தியாரே என்று கூப்பிடவில்லை.

நீ சொன்னால் கேட்பாள். குழாய்க்குச் சம்மதிக்கச் சொல். நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

தோர்கில்

ரோன,
டிசம்பர் 1

தம்பிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால், பதினைந்தாம் தேதி வாக்கில் வருகிறேன். உன்னிடம் ஒன்று பேச வேண்டும். கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. நான் வருகிறவரை அவளை எதற்கும் வற்புறுத்தாதே. தயவுசெய்து.

ராக்னா

ஹோர்சென்ஸ்,
டிசம்பர் 13

அக்காவுக்கு,

மெரேட்டா நேற்று விடிகாலையில் இறந்துவிட்டாள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. அடக்கம் வியாழக்கிழமை.

வருவதானால் விடுதியில் தங்கிக்கொள். வீட்டில் இடம் இல்லை.

தோர்கில்

ரோன,
ஜனவரி 8, 2014

என் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சாப்பிடுகிறாயா?

கல்லறையில் உன் பக்கத்தில் வந்து நின்றேன். நீ தள்ளி நின்றுகொண்டாய். அதற்காக வருத்தமில்லை. நான் பேச வந்ததைப் பேசாமலே திரும்பிவிட்டேன். இப்போது அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. நீ கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

ராக்னா

ஹோர்சென்ஸ்,
ஜனவரி 19

ராக்னாவுக்கு,

உடம்பு இருக்கிறது. அது போதும்.

கேட்க வேண்டியதில்லை. காக்கைகள் சொல்லிவிட்டன.

போன வாரம் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மதியம். ஜன்னலில் தட்டுகிற சத்தம். ஐந்தாறு சின்னக் காக்கைகள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று அலகால் கண்ணாடியைத் தட்டியது. விரட்டலாம் என்று ஜன்னலைத் திறந்தேன். அது பறக்கவில்லை. தலையை உள்ளே நீட்டி, என்னை விட்டுவிட்டு, அவள் நாற்காலியைப் பார்த்தது. அப்புறம் கட்டிலைப் பார்த்தது. காத்துக்கொண்டு நின்றது.

மணியைப் பார்த்தேன். ஒன்று.

விரிப்பைக் கையில் பிடித்தபடியே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுத்தமாக வந்த தட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. கழுத்துக் கறி, கோழி, கன்று, வாத்து. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டு தலையாட்டிச் சிரித்தாளே, அதுவும் வந்தது. தண்ணீர் எடுக்க நான் எழுந்து போகும் வரை அந்தத் துண்டு எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறது. அரிசிக் கூழில் ஆரம்பித்துக் காபி வரை பாதாமை வைத்திருந்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

வில்லும்சன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. "மேலேர்ந்து பாத்தா அவங்க கை தெரியும் சார்" என்றான்.

அவனுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அக்டோபரிலேயே தெரியும், 'காக்கைகள்தானே' என்று எழுதினாய். டோர்த்தாவுக்கும் தெரிந்திருக்கும். அன்றும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நான் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இன்றும் நான் ஒருவன் சமைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதே நீ ஒரு வரி எழுதியிருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டாவது போய்க் குழாய் வைத்திருப்பேன். இன்று உயிரோடு இருந்திருப்பாள்.

ஒரே ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் எழுது. ஒரு நாளாவது, ஒரு துண்டாவது அவளுக்குப் பிடித்திருந்ததா?

தோர்கில்

ரோன,
பிப்ரவரி 3

தம்பிக்கு,

நீ கோபமாக இருப்பது நல்லது. பேசாமல் இருப்பதைவிட நல்லது.

வியாழக்கிழமைகளில் நீ கறி வாங்கப் போன நேரத்தில் அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். குழாயும் வேண்டாம், ஜனவரி மருந்தும் வேண்டாம் என்று செப்டம்பரிலேயே முடிவு செய்துவிட்டாள். உன்னிடம் சொல்லச் சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னேன். "சொன்னா என்னைத் தூக்கிட்டுப் போயாவது கொழாய வச்சிருவான்" என்றாள். நீ எழுதியிருப்பதும் அதேதான்.

அப்படியானால் சமைக்கவாவது வேண்டாம் என்று சொல்லிவிடேன் என்றேன். "அவன் கையில ஒரு வேல இருக்கட்டும் ராக்னா. பையை ஒட்டிக்கிட்டு நிக்கறப்பத்தான் அவன் யாரையும் திட்டாம இருக்கான். உள்ளேர்ந்து பாட்டு முணுமுணுக்கறது கேக்குது" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஆறுதலுக்காகப் பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். கதிர்வீச்சுக்குப் பிறகு அவளுக்கு ருசியே தெரியவில்லை. வெண்ணெய், தைம் எதுவும் தெரியவில்லை. எல்லாமே சாவியை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். முதல் நாள் தட்டை மட்டும் உண்மையாகவே விழுங்கினாள், வலியோடு.

ஆனால் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ருசி தெரியல. சூடு மட்டும் தெரியுது. கதகதன்னு இருக்கு. ஒரு துண்ட எடுத்துக் கன்னத்துல வச்சுக்குவேன், அது ஆறுற வரைக்கும் வச்சிருப்பேன். அப்பறம் காக்காய்க்குப் போட்டுட்டு அடுத்தத வச்சுக்குவேன். ஒரு நாளைக்கு அது ஒண்ணுதான் எனக்கு நல்லாருக்கு."

அது பிடித்திருந்தது என்று கணக்கில் வருமா, தெரியவில்லை. நீ படித்தவன்.

ஈஸ்டருக்கு வரட்டுமா?

ராக்னா

ஹோர்சென்ஸ்,
மார்ச் 2

ராக்னா அக்காவுக்கு,

உன் முழங்கால் தேவலையா? இங்கே பனி விட்டுவிட்டது.

உன் கடிதம் வந்து நாளாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். நவம்பரிலிருந்து நான் ஆற வைத்துத்தான் கொடுத்தேன். பையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கையால் தொட்டுப் பார்த்து, சூடு துளியும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தட்டில் வைத்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டு வழக்கம்போலச் சுத்தமாகத்தான் வந்தது. டோர்த்தாமேல் பழி போடலாம் என்று ஒரு வாரம் பார்த்தேன். அவள் ஒரு வாக்கியம் சொன்னாள், அவ்வளவுதான். தண்ணீரைத் திறந்துவிட்ட கை என்னுடையது.

ஈஸ்டருக்கு வர வேண்டாம். உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தீரவில்லை.

நேற்று கழுத்துக் கறி வைத்தேன். ஐம்பத்தெட்டு டிகிரி. இன்று மதியம் பையை நறுக்கி, ஆற விடாமல், அவள் நாற்காலிக்குக் கொண்டுபோனேன். ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டேன். வெளியே அவை வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று கண்ணாடியைத் தட்டியது. கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன்.

நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஆறிவிடுகிறது, அக்கா. ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. துப்பிக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன்.

தோர்கில்